தள்ளுபடி விலையில் தைரியம்

மே 6

அன்புள்ள மேடத்துக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். காலையில்தான் நம் பெண் வாலு போனில் என் காது புளிக்கப் பேசினாள்; அவளுக்குப் பல் ஆடுவது முதல் உன் அக்கா வீட்டுப் பூனை குட்டி போட்டது வரை எல்லாம் எனக்குத் தெரியும். வீட்டு விஷயத்தைப் போனில் பேசினால் சண்டை வருகிறது, அதைக் கடிதத்தில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டவள் நீ. அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஸ்பேனர் பிடிக்கிற கை.

விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். வெள்ளம், புயல், மின்வெட்டு என்று எந்த ஆபத்து வந்தாலும் பிழைத்துக்கொள்ள முப்பத்தாறு கையேடுகள். போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். தண்ணீரைச் சுத்தம் செய்வது, அடுப்பில்லாமல் சமைப்பது, முடிச்சுப் போடுவது, எல்லாம் இருக்கிறது. எண்பது சதவீதத் தள்ளுபடி! இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது.

போன மழையில் நீயும் குழந்தையும் மூன்றாம் மாடியில் இரண்டு நாள் இருட்டில் கிடந்தீர்கள். நானோ ஊரின் அந்தக் கோடியில் யார் யாரையோ லிப்டிலிருந்து இறக்கிவிட்டு, தெருவில் கழுத்தளவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அடுத்த மழைக்கு நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தற்காலிக மாற்றல் வாங்கி உன் அக்கா ஊருக்குப் போனாய். இப்போது அங்கேயே நிரந்தரமாக இருக்க மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களாமே? உன் அக்காதான் சொன்னார்கள். நீ சொல்லவில்லை.

இந்தக் கையேடுகளைப் படித்து நான் தேறிவிட்டால் வருவாயா? ஊருக்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கிற நூலகர் நீ. வாங்கலாமா, வேண்டாமா? நீயே சொல்.

உன்,
லிப்ட்காரன்


மே 11

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அக்கா எட்டிப் பார்க்காமல் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இடது தோள் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரிக்குத்தான் காட்டுகிறீர்களா?

அந்தப் பக்கத்தை நானும் திறந்து பார்த்தேன். முதலில் ஒன்று: உங்கள் கடிகாரம் மூன்று நாளாக எனக்கும் இரண்டு மணி நேரம்தான் காட்டுகிறது. நம் வாலு "இன்னும் அஞ்சே நிமிஷம்மா" என்று போர்வைக்குள் போவாளே, அந்த மாதிரிக் கடிகாரம். அதற்காகப் படபடக்க வேண்டாம்.

நூலகத்துக்குப் புத்தகம் விற்க வருகிறவர்களிடம், "எழுதினது யாரு, எப்ப எழுதினாங்க?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். இதில் எழுதியவர் பெயர் இல்லை. "நிபுணர் குழு" என்று இருக்கிறது. வருடமும் இல்லை. அவர்கள் காட்டுகிற மாதிரிப் பக்கங்களையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். ஒரு கையேட்டில் தண்ணீர் பற்றி இருந்த அதே பத்தி இன்னொன்றிலும் எழுத்து மாறாமல் இருக்கிறது. அட்டை மட்டும் வேறு. ஒன்றில் பனியைக் குடைந்து குகை செய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். நமக்கு மின்விசிறி நின்றாலே உயிர் போகிறது! அப்புறம், கரண்ட் போய் போனும் அணைந்துவிட்டால் இந்த முப்பத்தாறையும் எதில் படிப்பீர்களாம்?

முப்பத்தாறில் ஒன்று மட்டும் தேறும். முதலுதவி பற்றியது. ஒரு டாக்டர் தன் பெயரோடு, வருடத்தோடு எழுதியது. அது அச்சுப் புத்தகமாக எங்களிடமே இருக்கிறது. என் பெயரில் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். டீ கிளாஸை அதன் மேல் வைக்காதீர்கள்.

நிரந்தர மாற்றல் விஷயம் உண்மைதான். இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. உங்களிடம் மறைக்க வேண்டும் என்று இல்லை, எனக்கே முடிவு தெரியவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? அந்த இரண்டு நாளில் நான் பயந்தது தண்ணீருக்கு மட்டும் இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை, எழுதவும் கை வரவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் மறுபடியும் நுழைய மனம் ஒப்பவில்லை. என்னை அவசரப்படுத்தாதீர்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
நூலகக்காரி


மே 15

மேடம்,

புத்தகம் வந்து சேர்ந்தது. டீ கிளாஸ் பத்தடி தள்ளி இருக்கிறது.

முப்பத்தாறு கையேட்டு மூட்டையை வாங்கவில்லை. ஆனால் அந்த விளம்பரக்காரன் ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தான், அதை மட்டும் இறக்கினேன். திட்டாதே, இலவசம்தானே! "ஒத்திகை" என்று பெயர். ஆபத்து சொல்லிக்கொண்டு வராது, அதனால் ஒத்திகையையும் யாரிடமும் சொல்லாமல் திடீரென்று செய்து பார்க்க வேண்டுமாம். நம் வீட்டில் என்ன சேர்த்து வைத்திருக்கிறோம் என்பதை அக்கம்பக்கத்தில் மூச்சுவிடக் கூடாதாம். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். நீ வரும்போது இந்த வீடு கோட்டை மாதிரி இருக்கும், பார்!

லிப்ட்காரன்


மே 20

அன்புள்ள மேடத்துக்கு,

சிரிக்க மாட்டேன் என்று வாலு மேல் சத்தியம் செய்துவிட்டுப் படி.

ஞாயிறு மதியம் கட்டடத்தின் மெயின் சுவிட்சை அணைத்தேன். நம் வீட்டை மட்டும் அணைத்தால் போதாதா என்று கேட்பாய். படிக்கட்டில் ஜன்னல் இல்லையே, மொத்த இருட்டில் மூன்று மாடி ஏறி இறங்க முடிகிறதா என்று பார்க்க ஆசை. லிப்டைப் பராமரிப்பவன் என்று சாவி என்னிடம்தான் இருக்கிறது. அணைத்துவிட்டு, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் தண்ணீர்க் குடம், ராஜா மாதிரி படியேறினேன். இரண்டாம் மாடி தாண்டியதும் சுவருக்குள்ளிருந்து ஒரு குரல்: "யாராவது இருக்கீங்களா? ஐயோ, மூச்சு முட்டுதே!"

லிப்டுக்குள் ஆள்!

இருபது வருடமாக இந்த வேலை. பெட்டி காலியா என்று பார்க்காமல் மின்சாரத்தை நிறுத்தாதே என்று புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறவன் நான். அந்த நிமிடம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஓடிப்போய் மெயினைப் போட்டேன். பழைய லிப்ட் ஆயிற்றே, முறைத்துக்கொண்டு அசைய மறுத்தது. மொட்டை மாடி அறைக்குப் போய் ஒருவர் பிரேக்கைத் தளர்த்த, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். எனக்கு இருப்பது இரண்டே கை.

வேறு வழி? கண்ணில் பட்ட கதவையெல்லாம் தட்டினேன். கீழ்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் லுங்கியோடு ஓடி வந்தார். மேல்வீட்டு நர்ஸம்மா வேலை முடிந்து அப்போதுதான் படுத்திருந்தாராம். தலைமுடியைச் சுருட்டிக்கொண்டே வந்து, லிப்ட் கதவோரம் உட்கார்ந்து, "பயப்படாதீங்க, மெதுவா மூச்சு விடுங்க, நான் இங்கயேதான் இருக்கேன்" என்று பேசிக்கொண்டே இருந்தார். தபால்காரர் பிரேக்கைப் பிடிக்க நான் சுற்றினேன். தோள் வலியெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

வெளியே வந்தது நம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. அவர் தையல்காரர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "ஏங்க, ஊரெல்லாம் லிப்ட்ல இருந்து ஆளைக் காப்பாத்துற நீங்க, எதிர்வீட்டுக்காரியை உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களே!" என்றார். அப்புறம் அவரே சிரித்துவிட்டார். எல்லோரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். நர்ஸம்மா டீ போட்டுக் கொண்டுவந்தார்.

எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டார்கள். நீ வர வேண்டும் என்றுதான், என்று உள்ளதைச் சொன்னேன். தையல்காரம்மா டீயைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வெள்ளத்தன்னைக்கு உங்க பாப்பா அழுத சத்தம் என் வீட்டுக்கே கேட்டுச்சு. பசிக்குத்தான் அழுதுன்னு தோணுச்சு. என்கிட்ட ஒரு டப்பா பால் பவுடர் இருந்துச்சு. எடுத்துக்கிட்டு இருட்டுல தடவித் தடவி உங்க வாசலுக்கு வந்தேன். தட்டறதுக்குக் கையும் தூக்கிட்டேன். ஒரு நாள்கூட முகம் குடுத்துப் பேசினதில்லையே, என்ன நினைப்பாங்களோன்னு திரும்பிட்டேன். மனசு கேக்கல, மறுபடியும் வந்தேன். மறுபடியும் திரும்பிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அந்த டப்பாவைப் பார்த்தா என்னையே எனக்குப் பிடிக்கல."

உனக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அந்த இலவசக் கையேட்டை அழித்துவிட்டேன். மற்றதையும் வாங்கப் போவதில்லை. உன் முதலுதவிப் புத்தகத்தை நர்ஸம்மா கேட்டார், கொடுத்திருக்கிறேன். நாலைந்து பேருக்கு அவரே சொல்லித் தருகிறாராம். தபால்காரர் எல்லா வீட்டுக்கும் எல்லாருடைய போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டார், அதுவும் தாளில். கோட்டை கட்டுகிறேன் என்றேன், கட்டவில்லை. இவ்வளவுதான் என்னால் முடிந்தது. இதற்கு மேல் நீ எழுதிக் கொடுப்பதாக இருந்தால் கொடு, நான் வருத்தப்பட மாட்டேன். பொய், வருத்தப்படுவேன். ஆனால் சண்டை போட மாட்டேன்.

உன்,
லிப்ட்காரன்


மே 26

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை நூலகத்தில் புத்தக அடுக்குகளுக்கு நடுவில் நின்று படித்தேன். தண்ணீர்க் குடத்தோடு ராஜா மாதிரி ஏறிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். சத்தியத்தை வாலு மன்னிப்பாள். அடுத்த பக்கத்தில் தையல்காரம்மா சொன்னதைப் படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடன் வேலை செய்கிறவள் ஓடி வந்து, "என்னக்கா, வீட்ல யாருக்காவது ஏதாவதா?" என்று கேட்டாள்.

இப்போது எழுதக் கை வருகிறது.

அன்றைக்கு எனக்குக் காலடிச் சத்தம் கேட்டது. இருட்டில் யாரோ படியோரமாக வந்து நம் வாசலில் நின்றார்கள். தட்டவில்லை, கூப்பிடவில்லை, சும்மா நின்றார்கள். பெண்கள் தனியாக இருக்கிற வீட்டில் புகுந்து திருடுகிறார்கள் என்று அன்று காலையில்தான் செய்தி வந்திருந்தது. தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சத்தம் போய், மறுபடியும் வந்தது. குழந்தையோடு தனியாக இருப்பது தெரிந்துவிடக் கூடாது என்று வாலுவின் வாயைப் பொத்தினேன். பசியில் அழுத பிள்ளையின் வாயைப் பொத்தினேன், என்னங்க. அது மனதை விட்டுப் போகவே இல்லை. அந்த வீட்டை விட்டு வந்தது தண்ணீருக்குப் பயந்து இல்லை. அந்தக் காலடிச் சத்தத்துக்குப் பயந்துதான்.

அது பால் பவுடர் டப்பாவோடு வந்த காலடியாம். கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

நிரந்தர மாற்றல் வேண்டாம் என்று நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். "உனக்கென்ன பைத்தியமா? மழை மறுபடியும் வராதா?" என்கிறாள் அக்கா. வரும், வராமல் இருக்குமா? வரட்டும்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறோம். வாலு பூனைக்குட்டி ஒன்றைக் கேட்டு ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

தையல்காரம்மாவிடம் இதையெல்லாம் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நான் வருவதையும் சொல்ல வேண்டாம். பெட்டியை நம் வாசலில் வைத்துவிட்டு, வாலுவைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் கதவை நானே தட்டுகிறேன்.

உங்கள்,
நூலகக்காரி