கோஷா அம்மாள் கடலில் குளித்தது

எண்ணூர் குப்பம்,
அட்சய வருஷம், வைகாசி மாதம்.

சிரஞ்சீவி ஜெயவேலுக்கு உன் நைனா தண்டபாணி ஆசீர்வதித்து எழுதுவது. எண்ணூர்க் கடலும் நானும் சுகம், ரங்கூனில் நீ சுகம் என்பது நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். மாசியில் வந்த கடிதத்துக்குப் பிறகு ஒன்றையும் காணோம். தபால்காரர் குப்பத்துக்குள் வந்தால் வலையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறேன், அவர் தாண்டிப் போனபின் எழுந்துகொள்கிறேன். உன் பெரியம்மா பவுனம்மாளும் மகளோடு இருக்கத் திருவொற்றியூருக்குப் போய்விட்டாள். எனக்கு இடது தோள் பிடித்துக்கொண்டதால் மீன்பிடிக்கப் போவதில்லை, உப்பங்கழியில் படகு விடுகிறேன். கோடை வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பட்டணத்து ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். துரைமார் பாய்ப்படகு ஓட்டுவதும், பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்குவதும், சவுக்குத் தோப்பில் அடுப்பு மூட்டிச் சமைப்பதுமாகக் கரை கலகலவென்றிருக்கும். கடைசி ரயில் போனதும் நானும் நாய்களும்தான்.

பங்குனியில் புளியந்தோப்பிலிருந்து ரஹீமுன்னிசா என்று ஒரு அம்மாள், என் வயதிருக்கும், மகள் சாபிராவோடு வந்தார். முழங்கால் வலிக்குக் கடல் குளியல் நல்லது என்று ஹக்கீம் சொன்னாராம். பிற ஆண்களுக்கு முகம் காட்டாத கோஷா ஸ்திரீகள், ஆண்கள் குளிக்கிற கரையில் எப்படி இறங்குவார்கள்? அதனால் முகத்துவாரத்துக்கு அந்தப்புறம் ஆளில்லாத மணல்மேட்டுக்குப் படகில் கொண்டுபோனேன். கயிற்றின் ஒரு நுனியை அவர்கள் பிடித்துக்கொண்டு இறங்க, மறுநுனியை என் இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். ஞாயிறு தவறாமல் இப்படியே நடந்தது. அலை வரும்போதெல்லாம் அந்த அம்மாள் சிறு பெண்போலக் கூவிச் சிரிப்பார், நான் தோப்பைப் பார்த்தபடி சிரிப்பேன். உன் அம்மா போனபிறகு என் முதுகுக்குப் பின்னால் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

சித்திரை அமாவாசையை ஒட்டி நீரோட்டம் கடுமையாக இருந்தது. தூரம் போக வேண்டாம், கயிற்றை விட வேண்டாம் என்று சொல்லித்தான் இறக்கினேன். திடீரென்று கயிறு தொய்ந்தது, அம்மீ அம்மீ என்று சாபிரா அலறினாள். திரும்பினால், அந்த அம்மாளின் தலை மட்டும் தெரிந்தது, தண்ணீர் அவரை இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. கோஷாவாவது ஒன்றாவது, பாய்ந்துவிட்டேன். கூந்தலைப் பற்றி இழுத்து வந்து மணலில் போட்டதும் பயத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாமே, புத்தி கீதா உனுக்கு? கவுத்த வுடாதேன்னு எத்தினி வாட்டி சொல்றது!" என்று உன் அம்மாவைத் திட்டுவதுபோலவே திட்டிவிட்டேன். சாபிரா மிரண்டுபோனாள். அந்த அம்மாளோ துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதார். பிறகு, "எங்க வூட்டுக்காரரு மவுத்தானப்புறம் என்னிய இப்டி திட்றதுக்கு ஒர்த்தரும் இல்ல அண்ணாத்தே, எல்லாரும் மரியாதியாத்தான் பேசிகினு கீறாங்கோ" என்றார். நான் நோகிற தோளைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டு எனக்கும் கொடுத்தார். அன்றைக்குத்தான் மூன்று பேரும் முகம் பார்த்து உட்கார்ந்து தின்றோம்.

அதன்பிறகு அவர்கள் வரவில்லை. நான் ஞாயிறுதோறும் ஸ்டேஷனில் நின்று பார்த்தேன். போன வாரம் சாபிரா மட்டும் புருஷனோடு வந்து, வேலூரில் இருக்கிற தன் அண்ணன் வந்து அம்மாவை அங்கேயே அழைத்துப் போய்விட்டார் என்றாள். அங்கே கடல் ஏது. "அம்மீ உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாங்கோ, தோளுக்கு இத்த தேச்சிக்கச் சொன்னாங்கோ" என்று ஒரு தைலச் சீசாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல தைலம்தான், வலிக்கிற இடம் பின்பக்கம், என் கை எட்டவில்லை.

நீ அங்கே மழையில் நனைந்த துணியோடு படுக்காதே, கொதித்த தண்ணீரே குடி, கப்பலில் மூட்டை ஏற்றும்போது கீழே நிற்காதே. முருகன் உன்னை எந்தக் குறையுமின்றிக் காப்பாற்றட்டும். சுகமா என்று மரியாதையாக விசாரித்து எழுத உனக்கு வேளை வாய்க்காவிட்டால் பரவாயில்லை, அந்தத் தோளை வைத்துக்கொண்டு ஏன் தண்ணீரில் குதித்தாய் கிழவா என்று திட்டியாவது ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் நைனா
தண்டபாணி