ஜப்பான் கெசட்டின் ரெண்டாம் பக்கம்

10.8.1997, ஞாயிறு
வட்டகொடை

ஜப்பானில் வேலை செய்யும் அண்ணன் இன்று ஹட்டன் டெலிபோன் கடைக்கு கோல் எடுத்தார். அம்மா செத்த பிறகு இதுதான் முதல் பேச்சு.

"தங்கச்சி, நான் பாட்டுப் பதிஞ்சு அனுப்புன கெசட்டுல அந்த ஸ்கா பேண்ட் பாட்டெல்லாம் முடிஞ்சதும், ரெண்டாம் பக்கம் கடைசியில அம்மாகிட்ட பேசியிருந்தேனே. கேட்டாங்களா?"

அங்கே பல வருஷமாகப் பேர்போன பேண்டாம். அந்த ட்ரம்பெட் சத்தம் வந்தாலே அம்மா தப்பு மேளத்துக்கு ஆடுவதுபோல் தோளை ஆட்டுவாங்க. அவங்களுக்கு முதல் பக்கமே போதும் என்று, ரெண்டாம் பக்கத்தைக் கேட்டும் பார்க்காமல் திருவிழாவுக்கு அதன் மேலேயே மாரியம்மன் பாட்டுப் பதியக் கொடுத்தவள் நான்தான்.

"கேட்டாங்கண்ணே" என்றேன்.

"என்னா சொன்னாங்க?"

லைன் அறுந்ததென்று நினைக்கட்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் எடுப்பார்.