பெயர் எழுதாத ஓடு

செக்காலை, காரைக்குடி
18.11.1996

அன்பு மகள் ஈஸ்வரிக்கு,

வளனின் அம்மா யூஜினியா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே உடம்புக்குக் குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டுக்கும் பதில் இல்லை. இதையாவது முழுசாகப் படி.

உன் அம்மாவைப் புதுவயல் பஸ்ஸில் பார்த்தேன். வளனோடு படித்த படிப்பைப் பாதியில் விட்டுச் சென்னையில் டைப் அடிக்கிறாயாம். சாதாரண நத்தைதான் என்று நான் சொன்னதை நம்பித்தான் வளன் அதை எடுத்தான், நான்தான் அவனைக் கொன்றேன் என்று அழுகிறாயாம். கேட்டதும் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது.

போன வாரம் கல்லூரியிலிருந்து அவன் பையைக் கொடுத்துவிட்டார்கள். கல்லூரியிலிருந்து நீங்கள் போன தொண்டிக் கடற்கரையில் அன்றைக்கு எழுதின நோட்டு அதில் இருந்தது. நீ சொன்னதை எழுதிவிட்டு, கீழே தனக்கு விஷக் கூம்பு நத்தையோ என்று சந்தேகம், பழுப்புத் தோல் மூடியிருப்பதால் கோலம் தெரியவில்லை, கழுவித்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறான். அசையாததால் செத்த ஓடு என்று நினைத்திருக்கிறான். கடைசி வரி, அழகாயிருந்தால் அம்மா குடிலுக்கு. அப்படியே சட்டைப் பையில் போட்டிருக்கிறான். அங்கேதானே கொட்டியது.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புதுச் சங்கு, சிப்பி கொண்டு வாடா என்று அன்று காலையில் கேட்டவள் நான். வெறுங்கையோடு வராதே என்றுகூடச் சொன்னேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவன் அப்பா இன்னும் அவன் சைக்கிளைத் துடைத்து வைக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சட்டையோடு கொடுத்த நத்தை ஓட்டை நேற்றுத்தான் தொட்டேன். பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டுப் பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். தோல் உரிந்து, உள்ளே சின்னச் சின்ன வெள்ளைக் கூடாரமாகக் கோலம். பார்க்க அவ்வளவு அழகு, பாவி. கரையில் நின்று பார்த்தால் உனக்கு மட்டுமில்லை, யாருக்கும் தெரிந்திருக்காது.

நோட்டில் நத்தையின் பெயர் எழுதும் இடத்தை அவன் காலியாக விட்டிருக்கிறான். நீ வந்து எழுதிக் கொடு. நீ பக்கத்தில் இருந்தால், நான் சங்கு கேட்டதை அவன் அப்பாவிடம் நானும் சொல்லிவிடுவேன். எனக்குத் தனியாகத் தைரியம் இல்லை, மகளே.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அவனுக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. வந்துவிடு.

உனக்கும் அம்மாவான,
யூஜினியா இமானுவேல்