சாவியோடு கட்டிய குழாய்

முதலில் இதைப் படியுங்கள், பல் பிறகு தேய்க்கலாம்.

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. வேன்காரர் பத்து மணிக்கு வீட்டுக்கே வருவார். வண்டிச் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அதோடு ஒரு சின்ன இரும்புக் குழாயைக் கட்டியிருக்கிறேன். அவிழ்க்காமல் அப்படியே கொடுங்கள்.

என்ன குழாய் என்று உங்களுக்கே தெரியும். வேனின் பாடிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ரப்பர் புஷ் மாட்டினீர்களே, போல்ட்டை முறுக்கும்போது ரப்பர் நசுங்காமலிருக்க அதற்குள் போக வேண்டிய குழாய். போட மறந்து முறுக்கிவிட்டீர்கள். ரப்பர் பிதுங்கிக் கிழிந்து, பாடி ஃபிரேமில் இடித்தது. "பள்ளத்துல இறங்குனா தலையில அடிக்கிற மாதிரி இருக்கு" என்று அவர் வந்து நின்றபோது என்ன சொன்னீர்கள்?

"அது வீட்டுக்காரி மாட்டுனது சார். பொம்பள வேலை, அப்படித்தான் இருக்கும்."

நான் பக்கத்துக் காருக்கு அடியில்தான் படுத்திருந்தேன். ஷெட்டில் வைத்துச் சண்டை வேண்டாம் என்று கையிலிருந்த போல்ட்டையே முறுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் குழாய் உங்கள் டூல்ஸ் டிரேயில் கிடக்கிறது. நேற்று நானே புது புஷ் போட்டுவிட்டேன். வண்டி இனிச் சத்தம் போடாது.

"இது என்ன?" என்று வேன்காரர் கேட்பார். பதிலை நீங்களே சொல்லுங்கள்.

பி.கு. என் ஸ்பேனர் பெட்டியைத் தேட வேண்டாம். இன்றிலிருந்து பஸ் டிப்போவுக்கு எதிர் ஷெட்டில் எனக்கு வேலை.

இன்னொன்று. சாயங்காலம் வந்துவிடுவேன். இரவுச் சமையல் உங்களுடையது. தீய்ந்துபோனால், பிள்ளைகளிடம் நான் சமைத்தது என்று சொல்லிவிடுங்கள்.