சந்தனம் பூசிய சாய்பலகை

செவ்வாய்

காலையில் தூறல். மலை உச்சி தெரியவில்லை. வேங்கிக்கால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம்.

பிளஸ் ஒன் பிசிக்ஸ் எடுத்தவர் சென்னைக்குப் போய்விட்டார். தாளாளர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை நீங்க ஒரு கிளாஸ் எடுங்க மேடம். நான் உக்காந்து பாக்கிறேன். சரியா வரலன்னா வெளியிலேர்ந்து ஒருத்தர் ரெடியா இருக்காரு."

வருஷக்கணக்காக எட்டாம் வகுப்புக்கு நெம்புகோல் நடத்தியது போதும். இந்த வகுப்பு எனக்குத்தான்.

திட்டம்: சாய்பலகை. அதன்மேல் மரக்கட்டை. கட்டையில் கட்டிய நூல், உச்சியிலுள்ள கப்பி வழியாகத் தொங்கும் தட்டுக்கு. எத்தனை கிராம் தொங்கினால் கட்டை மேலேறும்? முதலில் போர்டில் கணக்கு, பிறகு வைத்துக் காட்டுவது. மதியம் செய்து பார்த்தேன். 160. ஒவ்வொரு தடவையும் அதேதான். எம்.எஸ்சி. சும்மாவா!

சாயங்காலம் லேபில் ஆயுத பூஜை. தராசுக்கும் லென்ஸுக்கும் ஒரு பொட்டோடு சரி. சாய்பலகைக்கு மட்டும் ஸ்பெஷல் கவனிப்பு. நானே நீள நீளமாகச் சந்தனப் பட்டை அடித்தேன், நடுவில் குங்குமம்.

வியாழன்

நேற்றும் இன்றும் லீவு. லேப் பூட்டு. பூஜையில் வைத்ததைத் தொடவும் கூடாது. பரவாயில்லை, கணக்கு மாறவா போகிறது?

சுண்டல் ஜாஸ்தியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம். நாளைக்குப் பச்சைப் புடவை.

வெள்ளி

வெயில். போர்டில் 160 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். தாளாளர் கடைசி பெஞ்சில். எடை வைத்தேன். கட்டை அசையவில்லை. இன்னும் ஒரு பத்து. ம்ஹும். பின்னால் யாரோ சிரித்தார்கள். தாளாளர் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அழுகையே வந்துவிட்டது.

முதல் பெஞ்ச் தேன்மொழிதான் சொன்னாள். "மிஸ், பலகையில சந்தனம் அப்டியே காஞ்சி கீது மிஸ்."

குனிந்து பார்த்தேன். சொரசொரவென்று என் கைவண்ணம். உராய்வு கூடாமல் என்ன செய்யும்? என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம்.

"தொடச்சிடட்டா மிஸ்?"

"வேணாம். சந்தனத்தோட உராய்வு எவ்ளோன்னு கண்டுபிடிங்க."

நூலைக் கழற்றினோம். பலகையை மெல்ல மெல்லத் தூக்கி, எந்தக் கோணத்தில் கட்டை தானே சறுக்குகிறது என்று பார்த்தார்கள். அதிலிருந்து உராய்வுக் குணகம். மறுபடி கணக்கு. 160-ஐ அழித்து தேன்மொழி 178 என்று எழுதினாள். பலகையைப் பழைய சாய்வுக்கே இறக்கி நூலைக் கட்டச் சொல்லிவிட்டு நேராக ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.

"சார், கிளாஸ் இன்னும் முடியல. நீங்க பாதியில வந்துட்டீங்க."

"பாத்த வரைக்கும் போதும் மேடம்."

"அஞ்சு நிமிஷம் சார். இப்பவும் கட்டை நகரலன்னா அந்த வெளியாளையே வரச் சொல்லிடுங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ. தாளாளர் வந்தார். எடைகளை அவரே ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். 170, நகரவில்லை. 175, இல்லை. 180. முந்தைய எடைகளுக்குச் செய்ததுபோலவே பலகையை விரலால் லேசாகத் தட்டினேன். தட்டு இறங்கியது, கட்டை மெதுவாக மேலேறியது. ஒரே விசில்.

அவர் பலகையைத் தடவிப் பார்த்து, விரலில் ஒட்டிய சந்தனத்தைத் தட்டிக்கொண்டார்.

"திங்கட்கிழமை இவங்களுக்கு என்ன நடத்துவீங்க?"

"இதையேதான் சார். பலகையைத் தொடச்சிட்டு."