நம் ஆணி மட்டும் காலி

என் வீட்டு மகாராணிக்கு,

சாவிக்கடையை வாங்கியாயிற்று. இனி என்னை முதலாளி என்றுதான் கூப்பிட வேண்டும்.

விற்றவரின் கைவேலையைச் சோதிக்க நம் வாசல் சாவியைத்தான் கொடுத்தேன். அச்சுப் பிசகாமல் நகல் எடுத்துவிட்டு, “வீடு எங்கேண்ணே?” என்றார். பெருமையாகச் சொன்னேன்.

இன்று அலமாரிக்குப் பின்னால் ஒரு பலகையைப் பார்த்தேன். ஆணிக்கு ஒரு சாவி, அதன் கீழே ஒரு வீட்டு முகவரி. நம் முகவரியும் இருக்கிறது. அந்த ஆணியில் மட்டும் சாவி இல்லை.

அவர் போன் அணைந்து கிடக்கிறது. நீயும் எடுக்கவில்லை; அதனால்தான் இந்த மெசேஜ். கடை வாங்கிய கோபம் இன்னுமா தீரவில்லை?

உன் தம்பி புதுப் பூட்டோடு பைக்கில் வருகிறான். நான் பின்னாலேயே பஸ்ஸில் வருகிறேன். அதுவரை பக்கத்து வீட்டு அக்காவோடு வம்பளந்துகொண்டிரு; உனக்குச் சொல்லியா தர வேண்டும்?

இதைப் படித்ததும் போன் போட்டு என்னை நன்றாகத் திட்டு, தாயே.

உன் முட்டாள் முதலாளி