நீல அட்டைக் கேசட்டில் மிச்சமிருந்த பாட்டு

விசா கேன்சல் ஆகிவிட்டது. குவைத்தில், ஃபஹாஹீல் ரூமில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். குனிந்தால் நிமிர முடியவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த பிஸ்கட் டின்னைத் திறந்தால் நீல அட்டை போட்ட உன் கேசட். நீ மௌத்தாகிப் போய்ச்சேர்ந்து வருசம் ஒன்று ஆகப்போகிறது. எனக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

நீ கேசட் கடையில் நின்றாய். நான் சைட்டில் பைப் தூக்கினேன். ஊர் திரும்பும் வெள்ளைக்கார இன்ஜினியர்கள் விட்டுப்போகும் ராக் கேசட்டுகளில் பேர்போனது உடனே விற்றுவிடும். விலைபோகாததை நீ ரூமுக்குத் தூக்கி வருவாய். ஒன்றில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. நாம் சோறு தின்று தட்டுக் கழுவிய பிறகுதான் பாடுகிறவன் வாயையே திறப்பான். இன்னொன்றில் கிட்டாரே கிடையாது.

"டூட்டி முடிஞ்சு வந்தவன் காதுல ஏன்டா தகரத்தைத் தட்டுறே?" என்பேன்.

"விக்கிறதை ஊரே கேக்கும் மாப்ள. விக்காததை நாமளாவது கேக்க வேணாமா?" என்பாய்.

அதில் உனக்கு உசிர் இந்த நீல அட்டைதான். ஒரே ஆல்பத்தோடு கலைந்துபோன குரூப்பாம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் பாடகன் இருமுவான். "அதை வெட்டாம விட்டான் பாரு, அவன்தான் மனுசன்" என்பாய்.

ஒரு தடவை நீ லீவில் போகும்போது என் சம்சாரத்துக்குப் பேசி அனுப்ப ரூமில் வெறும் கேசட் இல்லை. அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதில் நாமெல்லாம் கேசட்டில்தானே பேசி அனுப்புவோம். மேலே பதிய விடாத இதன் முனை ஓட்டையில் டேப் ஒட்டி, உன் பாட்டின் மேலேயே பேசிவிட்டேன். அட்டையைக் கழற்றி ஒளித்துவிட்டு, உன்னிடமே பார்சலாகக் கொடுத்தேன். மறுபக்கத்தில் அவள் பதில் பேசித் திருப்பி அனுப்பினாள். அந்தப் பக்கத்தை மட்டும்தான் கேட்டேன். நீ கேசட் எங்கே என்று கேட்டபோது, "ரூம் மாறினப்போ தொலைஞ்சுபோச்சு" என்றேன். "சரி, விடு" என்றாய். இத்தனை வருசமும் அந்தப் பொய்யை உன்னிடம் ஒத்துக்கொள்ளவே இல்லை.

நீ விட்டுப்போன டேப் ரெக்கார்டரில் இன்றைக்கு என் பக்கத்தைப் போட்டேன். பிள்ளைகளை விசாரித்து, கூரைக்கு ஓடு மாற்றச் சொல்லி, அழுது முடிக்கிறேன். டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் உன் குரல்.

"தங்கச்சி, நான்தான். அடுத்தவங்க பார்சலைப் பாக்காம எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு போட்டுப் பாத்தேன். என் பாட்டை அழிச்சுட்டாரு உங்க வீட்டுக்காரரு. அவர்ட்ட ஒண்ணும் கேக்காதீங்க, பாவம், பேச ஆளில்லாம பேசியிருக்காரு. இனிமே ஒரு இருமல் வரும், பயந்துராதீங்க. அந்தப் பாட்டை முழுசாக் கேளுங்க."

ஊருக்குப் போன் போட்டு அவளிடம் கேட்டேன். "தெரியுமே. அண்ணன் கேக்காதேன்னு சொன்னாக, நானும் கேக்கல" என்றாள்.

திரும்ப வந்து அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன். அது அலுத்துப்போன ஆளின் பாட்டு. இருமலை வெட்டாமல் விட்டவன்தான் மனுசன் என்று நீ சொன்னது சரிதான். எனக்குத்தான் புரிய இவ்வளவு நாளாயிற்று.

பெட்டி முப்பது கிலோவைத் தாண்டிவிட்டது. ரெண்டு போர்வையை எடுத்து வெளியே போட்டேன். கேசட் சட்டைப் பையில் இருக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போகிறேன், மாப்ள.